மெரிலேண்ட்ஸ் சுவரில் ரோமாபுரி

மெல்பர்ன் விமான நிலையத்தில் என் பையிலிருந்து ஒரு மனிதத் தலையை எடுத்து மேசைமேல் வைத்தேன். சுங்க அதிகாரி அதைப் பார்த்தார். அதுவும் அவரைப் பார்த்தது.

"இது என்ன?"

"ரோமப் பேரரசர். பிளாஸ்டர்."

"மரம், விதை, மண் ஏதாவது கலந்திருக்கிறதா?"

இல்லை என்றேன். "அப்படியானால் பேரரசர் போகலாம்" என்று தலையை ஓரமாக நகர்த்திவிட்டு, அம்மா கொடுத்தனுப்பிய பருப்புப்பொடியை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். அடுத்த கேள்விகளெல்லாம் பருப்புப்பொடி பற்றியவை. வறுத்ததா, முளைக்குமா, எந்தச் செடி. அவர் கூப்பிட்டு இன்னொருவரும் வந்து முகர்ந்து பார்த்தார். உலகத்தில் பாதியை ஆண்ட ஒருவர் பக்கத்தில் மூக்கு உடைந்து உட்கார்ந்திருக்க, ஆஸ்திரேலியா துவரம்பருப்புக்குப் பயந்தது.

நான் கோயம்புத்தூரில் ஒரு கட்டடக்கலைக் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். என் ஆராய்ச்சி ரோமானியர்கள் கல்லை வைத்துச் செய்த அரசியல். அந்தத் தலை என் மாணவர்கள் வார்த்துக் கொடுத்தது. ரோமில் ஒரு பேரரசர் வெறுக்கப்பட்டு விழுந்தால் அவர் பெயரைக் கல்வெட்டிலிருந்து செதுக்கி எடுப்பார்கள், சிலையை உடைப்பார்கள். ஆனால் நல்ல பளிங்கை வீணாக்க யாருக்கு மனசு வரும்? பல சிலைகளில் முடியைச் சீவி, கன்னத்தைக் குறைத்து, அடுத்து வந்தவரின் முகமாக்கிவிட்டார்கள். கல்லைக் குறைக்கத்தான் முடியும், கூட்ட முடியாது. அதனால் முகம் சின்னதாகிவிடும், காது மட்டும் பழைய அளவிலேயே நிற்கும். என் பையில் இருந்தவருக்கும் அப்படித்தான். முகம் புதியவருடையது, காது போனவருடையது. எங்கள் ஊரில் ஆட்சி மாறினால் ஒரு டப்பா பெயிண்டோடு வேலை முடிந்துவிடுகிறது. ரோமானியர்கள் பொறுமைசாலிகள்.

மெல்பர்னில் என் வேலை ஒரு பல்கலைக்கழகக் கருத்தரங்கில் கட்டுரை வாசிப்பது. கேட்க வந்தவர்களில் பாதிப்பேர் எனக்குப் பின்னால் வாசிக்க வேண்டியவர்கள். மீதிப்பேர் எனக்கு முன்னால் வாசித்தவர்கள். எல்லோரும் கண்ணியமாகக் கைதட்டினார்கள். கடைசியில் ஒரு பேராசிரியை கேட்டார்: "இந்தியாவில் இல்லாத கோயிலா, சிலையா? நீங்கள் எப்படி ரோமுக்கு வந்தீர்கள்?"

"பஸ் நிழற்குடை வழியாக" என்றேன்.

சிரித்தார்கள். ஆனால் அது உண்மை. எங்கள் வீட்டருகே ஒரு நிழற்குடை உண்டு. தொகுதி மேம்பாட்டு நிதியில் கட்டிக்கொடுத்தவர் பெயர் முகப்பில் இருக்கிறது. திறந்துவைத்தவர் பெயர் இடப்பக்கம், முன்னிலை வகித்தவர்கள் வலப்பக்கம். ஊர்ப் பெயர் எங்கும் இல்லை. புதிதாக வருகிறவர்கள் அங்கே இறங்கி, எந்த ஊரில் நிற்கிறோம் என்று தெரியாமல், யார் ஆட்சியில் நிற்கிறோம் என்று மட்டும் தெரிந்துகொள்வார்கள். தேர்தல் அறிவித்ததும் அதிகாரிகள் வந்து அந்தப் பெயர்மேல் செய்தித்தாள் ஒட்டுவார்கள். அதுவரை நிமிர்ந்துகூடப் பார்க்காத ஆட்கள், ஒட்டிய பிறகு காகிதத்தின் ஓரத்தைக் கிழித்துப் பார்ப்பார்கள். பள்ளிக்கூடம் போகும்போது நானும் கிழித்திருக்கிறேன். ரோமுக்கு நான் புறப்பட்டது அங்கிருந்துதான்.

மறுநாள் கால் போன போக்கில் நகரத்தைப் பார்த்தேன். நகர மையத்துக்குள் டிராமில் ஏறினால் டிக்கெட் வேண்டாம். மையம் எங்கே முடிகிறது என்று ஒரு குரல் அறிவிக்கும். நான் வாயைப் பிளந்து ஒரு வங்கிக் கட்டடத்தின் தூண் தலையைப் பார்த்துக்கொண்டிருந்ததில் குரலைக் கேட்கவில்லை. அப்படி டிக்கெட் வேண்டிய தேசத்துக்குள் டிக்கெட் இல்லாமல் போய்விட்டேன். அடுத்த நிறுத்தத்தில் குற்றவாளிபோல் இறங்கி வந்த வழியே நடந்தேன். நடந்ததில் ஒரு லாபம், நாடாளுமன்றக் கட்டடத்துக்கு எதிரே போய் நின்றேன்.

அகலமான படிக்கட்டு. மேலே தூண், தூண், தூண். தூணுக்குப் பின்னால் கதவு எங்கேயோ இருக்கிறது. ஓடுகிற தெரு நேராக வந்து அந்தப் படியில்தான் முட்டுகிறது. தெருவில் எங்கே நின்றாலும் அது உங்களைப் பார்க்கும். ரோமானியர்கள் கோயிலை மேடைமேல் தூக்கி வைத்து முன்பக்கம் மட்டும் படி வைத்ததும் இதற்குத்தான். மேலே இருந்து பேசுகிறவன் பெரியவனாகத் தெரிவான், கீழே இருந்து கேட்கிறவனுக்குக் கழுத்து வலிக்கும்.

படியில் உட்கார்ந்து இறைச்சி அடைத்துச் சுட்ட 'பை' என்ற பலகாரத்தைத் தின்றுகொண்டிருந்த இரண்டு பையன்களில் ஒருவன் கேட்டான்: "எதற்கு இத்தனை தூண்? கூரை அவ்வளவு கனமா?"

"கூரைக்கில்லை" என்றான் மற்றவன். "நமக்கு."

என் கட்டுரையின் முதல் பகுதியை அவன் பை தின்றுகொண்டே சொல்லி முடித்துவிட்டான். நானும் ஒரு பை வாங்கினேன். உள்ளே குழம்பு எரிமலைபோல் இருந்தது. நாக்கு வெந்து, அதற்குப் பிறகு எதற்கும் ருசி இல்லை.

பிறகு சிட்னி. என்னோடு சென்னையில் படித்த தர்சினியின் பெற்றோர் மெரிலேண்ட்ஸில் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துக்காரர்கள். போர்க்காலத்தில் கொஞ்ச வருடம் சென்னையில் இருந்துவிட்டு இங்கே வந்தவர்கள். அப்பா மகேசன் அங்கிள், ஓய்வுபெற்ற நில அளவையாளர். அம்மா வதனி அன்ரி.

ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடக்கும்போதே எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவெல்லாம் ரோம். பழைய சின்ன வீடுகளை இடித்துவிட்டு எழுப்பிய புது வீடு ஒவ்வொன்றுக்கும் முகப்பில் சிமெண்டுத் தூண். வாசலில் இரண்டு சிங்கம். ஒரு வீட்டில் சிங்கத்துக்குப் பக்கத்தில் குப்பைத்தொட்டி, மூன்றும் ஒரே உயரம். அழைத்துப்போக வந்த தர்சினி என் கையைப் பிடித்து இழுத்து ஆங்கிலத்தில் சொன்னாள்: "அடுத்தவர் வீட்டைப் போட்டோ எடுக்காதே. போலீஸைக் கூப்பிடுவார்கள்."

அன்ரி கதவைத் திறந்தார். "வா பிள்ளை, வா. களைச்சுப்போனாய். அந்தக் கதிரையில இரு." நான் பையைத் திறந்து தலையை மேசைமேல் வைத்தேன். "இதென்ன?"

"ரோம ராஜா அன்ரி."

"நாங்கள் சாப்பிடேக்க பாத்துக்கொண்டிருப்பாரோ?" என்றவர் குசினியிலிருந்து பாத்திரம் துடைக்கிற துண்டை எடுத்துவந்து அவர்மேல் போர்த்தினார். புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் சம்பலும் வந்தன. நாக்கு சரியாகிவிட்டது.

சாப்பிடும்போதுதான் விஷயம் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய சங்க மண்டபத்தில் பொதுக்கூட்டம். அதற்கு முன்னால் ஒரு "சிறப்புச் சொற்பொழிவு". பேசப்போவது நான். இதை என்னிடம் கேட்டார்களா என்றால் இல்லை. அன்ரி பெயர் கொடுத்துவிட்டார்.

"நீ என்ன பேசுவாய் எண்டு தர்சினி சொன்னவள். பெயர் அழிக்கிற கதை எல்லே? எங்களுக்கு அதுதான் வேணும்."

மண்டபத்தைக் கட்ட முன்னின்றவர் மகேசன் அங்கிள். பல வருடம் தலைவராக இருந்தார். முகப்புச் சுவரில், தமிழர் மண்டபம் என்ற எழுத்துக்குக் கீழே, "மகேசன் தலைமையில் எழுந்தது" என்று எஃகு எழுத்தில் ஒரு வரி. போன வருடம் சங்கம் இரண்டாகப் பிளந்தது. காரணம் மட்டன் ரோல்ஸ். மண்டப ஆண்டு விழா வெள்ளிக்கிழமையில் விழ, குசினிக்குள் மச்சம், அதாவது அசைவம், வந்துவிட்டது. அங்கிள் "வந்த சாமானைத் திருப்பியோ அனுப்புறது?" என்று விட்டுவிட்டார். அடுத்த தேர்தலில் ரோல்ஸ் எதிர்ப்பு அணி வென்றது. புதுத் தலைவர் ரவீந்திரன். இந்தப் பொதுக்கூட்டத்தில் அவர்கள் கொண்டுவரும் பிரேரணை, சுவரிலிருந்து அங்கிளின் பெயரை எடுப்பது.

"அவையள் இப்ப இவற்ற பேரை வாயாலயும் சொல்லுறேல்ல" என்றார் அன்ரி. "கூட்ட அறிக்கையிலயும் 'முன்னாள் தலைவர்' எண்டுதான் போடுறது. முன்னாள் வந்தார், முன்னாள் எதிர்த்தார். பேய்க்குச் சொல்லுற மாதிரி."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. வருத்தத்தில் இல்லை, ஆர்வத்தில். ஆயிரத்தெண்ணூறு வருடத்துக்கு முந்தைய விஷயம் புட்டு சாப்பிடுகிற மேசைக்கு வந்து உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? அங்கிளைப் பார்த்தேன். சம்பலை நேர்கோடாக ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு அது வேணுமா அங்கிள்? பேர்?"

"அந்த எழுத்து ஒவ்வொண்டையும் ரசமட்டம் வச்சு நான்தான் பூட்டினனான் பிள்ளை" என்றார். அவ்வளவுதான். கேட்ட கேள்விக்கு அது முழுப் பதில்.

அன்று மாலையே பேச்சைத் திட்டமிட்டோம். பாந்தியனில் முடிப்பது என்று அன்ரி தீர்மானித்தார். ரோமில் இருக்கும் அந்தப் பெரிய கோயிலை முதலில் கட்டியவர் அக்ரிப்பா. அது எரிந்து, பின்னால் ஹேட்ரியன் காலத்தில் முற்றிலும் புதிதாகக் கட்டப்பட்டது. ஆனால் ஹேட்ரியன் முகப்பில் தன் பெயரைப் போடவில்லை. அக்ரிப்பா கட்டியது என்றே எழுத வைத்தார். இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

"அதை வடிவாச் சொல்லு" என்றார் அன்ரி. "ரவீந்திரனைப் பாத்துச் சொல்லு."

சனிக்கிழமை ப்ரொஜெக்டரைச் சோதித்துப் பார்க்க மண்டபத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். தர்சினி வேலைக்குப் போய்விட்டாள். கூட்டத்துக்கு முன்னால் அந்த வாசலை மிதிப்பதில்லை என்று அங்கிள் இருந்தார். நானே போகிறேன் என்று கிளம்பினேன். தண்டவாள வேலை, ரயிலுக்குப் பதில் பஸ் என்று பலகை. எல்லோரும் ஏறிய பஸ்ஸில் நானும் ஏறினேன். கூட்டத்தைப் பின்பற்றினால் சரியான பஸ் என்பது எங்கள் ஊரில் உறுதி. இங்கே அந்தக் கூட்டம் வேறு எங்கோ போய்க்கொண்டிருந்தது. இறங்கியபோது பலகையில் வில்லாவுட் என்று இருந்தது.

அழைப்பிதழில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். "அங்கயே நில்லுங்கோ தங்கச்சி. வாறன்" என்றது ஒரு குரல்.

வந்தது ஒரு எலக்ட்ரீஷியன் வேன். இரண்டு பக்கமும், பின்னாலும், ஓட்டுகிறவர் பெயர் ஆள் உயரத்துக்கு. ரவீந்திரன். நாளைக்கு நான் பார்த்துப் பேச வேண்டிய அதே ரவீந்திரன்.

"உங்க பேர் மூணு பக்கமும் இருக்கே அண்ணா" என்றேன், பேச்சுக்கு.

"நாலாவது பக்கம் கண்ணாடி" என்றார்.

கொஞ்ச தூரம் போனதும் அவரே ஆரம்பித்தார். "வில்லாவுட்டில நிக்கிறன் எண்டு நீங்கள் சொன்னோன்ன எனக்குச் சிரிப்பு. எனக்கு இந்த இடம் நல்லாப் பழக்கம். வந்த புதுசில இஞ்ச அகதிகளை அடைச்சு வைக்கிற முகாமுக்கு உள்ளுக்க இருந்தனான்." ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கித் திசையைக் காட்டினார். "என்ர பேரைச் சொல்லிக் கேட்டு வாறதுக்கு இந்த நாட்டில ஒரு சனம் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஒருத்தர் வந்தார். ஆரோ சொல்லி, என்ர பேரைக் கேட்டு வந்திருக்கிறார். அதுக்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் வந்தவர். மட்டன் ரோல்ஸோட."

"யாரு அண்ணா?"

"அவர்தான். முன்னாள்."

நான் யோசித்துப் பார்த்தேன். "வெள்ளிக்கிழமையா? மட்டனா?"

"அப்ப ஆர் கிழமை பாத்தது!"

சிக்னலில் நின்றோம். எனக்கு வாய் சும்மா இருக்காது. "அப்புறம் ஏன் அவர் பேரை எடுக்கணும்ங்கிறீங்க?"

பச்சை விழுந்து வண்டியை எடுத்தபிறகு சொன்னார். "அந்த மண்டபத்துக்கு வயர் முழுக்க நான் இழுத்தது தங்கச்சி. வேலை முடிஞ்சு வந்து, சனி ஞாயிறு எல்லாம். அது சுவருக்குள்ள இருக்கு, ஒருத்தருக்கும் தெரியாது. உழைச்ச ஆக்களின்ர பேரெல்லாம் போடுவம் எண்டு கேட்டனாங்கள். கட்டி முடியட்டும் பாப்பம் எண்டார். கட்டி முடிஞ்சுது. எழுத்தும் வந்தது. வந்தது ஒரு பேர்தான்."

"அப்போ மட்டன் ரோல்ஸ்?"

"அது ஒரு சாட்டு" என்றார், கொஞ்சமும் கூச்சப்படாமல்.

மண்டபம் வந்தது. முகப்பில் நான்கு தூண்கள். வீட்டு முகப்புகளுக்குத் தூண் விற்கிற அதே கடையில் வாங்கியவை என்று பார்த்ததும் தெரிந்தது. ஒன்றைத் தட்டினேன், உள்ளே காலி. எழுத்துகள் வெயிலில் மின்னின. ரசமட்டம் பொய் சொல்லவில்லை, நூல் பிடித்ததுபோல் நின்றன. அந்த வரிக்கு இரண்டு பக்கமும் எவ்வளவு சுவர் காலியாக இருக்கிறது என்று கையை விரித்து அளந்தேன். ரவி அண்ணா ஏணியில் நின்று ஒரு பல்பை மாற்றிக்கொண்டே என்னைக் கவனித்தார்.

வீட்டுக்கு வந்து அங்கிளிடம் கேட்டேன். "ரவி அண்ணா பேரையும் போட்டிருக்கலாமே அங்கிள்?"

"இடம் காணாது" என்றார்.

"நான் அளந்தேன் அங்கிள். ஒரு கிரிக்கெட் டீமையே எழுதலாம்."

குசினியிலிருந்து அன்ரியின் குரல் வந்தது. "இடம் இருந்தது பிள்ளை. மனந்தான் காணாமப் போச்சு." அதுவரை அங்கிளின் கட்சிக்காகவே பேசிக்கொண்டிருந்தவர் அவர். அங்கிள் ராஜாவின் மேலிருந்த துண்டை விலக்கி, அந்தப் பெரிய காதை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு துண்டை மறுபடி போர்த்தினார்.

ஞாயிற்றுக்கிழமை. மங்கள விளக்கேற்ற ஐந்து சோடிகளை மேடைக்கு அழைத்தார்கள். வாழ்த்துரை, வரவேற்புரை, தலைமையுரை, தொடக்கவுரை. வரவேற்புரையில் வரவேற்கப்படாத ஒருவருக்காக மறுபடி ஒரு வரவேற்புரை. என்னிடம் மைக் வந்தபோது, செயலாளர் மணியைக் கையில் எடுத்துவைத்துக்கொண்டார்.

வேகமாகப் பேசுவது எனக்கு வரும். ஒருபோதும் வயதாகாத அகஸ்டஸ் சிலைகளைச் சொன்னேன். கிழவராகிச் செத்தவர், கல்லில் கடைசிவரை இளைஞர். எங்கள் ஊர் சுவரொட்டிகளிலும் அப்படித்தான் என்றதும் சிரிப்பு வந்தது. நீரோவின் ராட்சதச் சிலையைச் சொன்னேன், பின்னால் வந்தவர்கள் அதைச் சூரியக் கடவுளாக்கிக்கொண்டதையும். பிளாஸ்டர் தலையைத் தூக்கிக் காதைக் காட்டினேன். அப்புறம் ரோமில் செவரஸ் என்ற பேரரசருக்கு எழுப்பிய வெற்றி வளைவு.

"இந்தப் படத்துல மேல கல்வெட்டு தெரியுது பாருங்க. அப்பா பேரும் ரெண்டு பிள்ளைங்க பேரும் வெண்கல எழுத்துல இருந்துச்சு. அப்பா போனதும் மூத்தவன் தம்பியைக் கொன்னுட்டான். தம்பி பேரை அந்த வளைவுல இருந்து எடுத்துட்டு, அந்த இடத்தைப் புகழ்ச்சி வார்த்தையால நிரப்பினாங்க. காலப்போக்குல வெண்கலம் எல்லாமே போயிடுச்சு. ஆனா முதல்ல இருந்த எழுத்துகளைப் பதிக்கிறதுக்குப் போட்ட துளைகள் இருக்கு. அந்தத் துளைகளைச் சேர்த்துதான் இன்னிக்கு ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பேரை வாசிக்கிறாங்க. அந்த வளைவைப் பத்திப் பேசுற யாரும் 'கேட்டா'ங்கிற பேருள்ள அந்தத் தம்பியைச் சொல்லாம முடிக்கிறதில்லை. சொல்ல வச்சவன் அண்ணன்தான்."

அடுத்தது பாந்தியன். அன்ரி முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மணி அடித்தது.

"இன்னும் ஒரே ஒரு படம்தான்" என்றேன்.

"நேரம், தங்கச்சி" என்றார் செயலாளர். கைதட்டினார்கள். எனக்கு ஒரு மாலையும் பூங்கொத்தும் தந்தார்கள். அன்ரி தலையில் கைவைத்தார். ப்ரொஜெக்டரை நிறுத்தும் ரிமோட்டை யாரோ எங்கோ வைத்துவிட்டார்கள். அதனால் பொதுக்கூட்டம் முழுவதும், மேடையில் உட்கார்ந்திருந்த புது நிர்வாகக் குழுவின் தலைக்கு மேலே, அந்தத் துளைகள் வரிசையாக ஒளிர்ந்துகொண்டிருந்தன. அங்கிள் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரேரணை வாசிக்கப்பட்டது. முகப்புச் சுவரிலிருந்து முன்னாள் தலைவரின் பெயரை அகற்றுவது. இரண்டு பக்கமும் எழுந்து நின்று கத்தத் தயாரானார்கள். அங்கிள் கையைத் தூக்கினார்.

"ஒருக்கால் திருப்பி வாசியுங்கோ."

செயலாளர் வாசித்தார்.

"பெயரை மட்டும்தானே?"

"ஓம். பெயரை மட்டும்."

"நல்லது. நான் ஆதரிக்கிறன்."

பின்னாலிருந்து ஒருவர், "அண்ணை, விசரே உங்களுக்கு?" என்றார். அங்கிள் உட்கார்ந்துவிட்டார். ஆதரிக்க வந்தவர்கள் குழம்பினார்கள், எதிர்க்க வந்தவர்களும் குழம்பினார்கள். குழப்பத்தில் எல்லாக் கைகளும் உயர்ந்தன. சங்கத்தின் வரலாற்றில் ஏகமனதாக நிறைவேறிய ஒரே தீர்மானம் அதுதான் என்று பிறகு சொன்னார்கள்.

"ஆரையும் பிடிக்கத் தேவையில்லை. பூட்டினவனே கழட்டுறன்" என்று அங்கிள் வெளியே நடந்தார். கார் டிக்கியிலிருந்து திருப்புளியை எடுத்தார். மண்டபத்து ஏணியைச் சுவரில் சாய்த்தார். ஒட்டுமொத்தப் பொதுக்கூட்டமும் கார் நிறுத்துமிடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தது. வயதான மனிதர், ஏணி ஆடியது. கூட்டத்திலிருந்து ஒருவர் ஓடிப்போய் ஏணியின் அடியைப் பிடித்தார். ரவி அண்ணா.

"மெதுவா" என்றார் கீழேயிருந்து. "மெதுவா." பெயர் சொல்லவில்லை.

அங்கிள் எழுத்து எழுத்தாகக் கழற்றிக் கீழே நீட்டினார். ரவி அண்ணா ஒவ்வொன்றாக வாங்கினார். நான்கே எழுத்து. இறங்கியதும் அங்கிள் அவற்றை ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு, மூடி, காரில் வைத்தார். அப்போதுதான் எல்லோரும் சுவரைச் சரியாகப் பார்த்தார்கள்.

வருடக்கணக்கில் வெயில் குடித்துச் சுவர் வெளிறியிருந்தது. எழுத்து மறைத்திருந்த இடம் மட்டும் பழைய மஞ்சளில் பளிச்சென்று இருந்தது. மகேசன் என்று, முன்பைவிடத் தெளிவாக. அதற்குள் ஸ்குரூத் துளைகள். அதை அடுத்து எஃகில், வெயிலில் மின்னிக்கொண்டு, "தலைமையில் எழுந்தது".

"மிச்சத்தையும் கழட்டுங்கோ" என்றார் செயலாளர்.

"பெயரை மட்டும் எண்டுதானே தீர்மானம்" என்றார் அங்கிள். "சுவரில கை வைக்கிறதெண்டால் பொதுக்கூட்டம் வேணும். யாப்பு." சங்க விதிகளான அந்த யாப்பை எழுதியவரும் அவர்தான். அடுத்த பொதுக்கூட்டம் அடுத்த வருடம்.

அதற்குப் பிறகு மரக்கறி ரோல்ஸ் பரிமாறப்பட்டது. எதிர்ப்பு அணி, ஆதரவு அணி இரண்டுமே அதில் உருளைக்கிழங்கு அதிகம் என்றன.

அந்த வாரம் முழுவதும் அன்ரிக்குத் தொலைபேசி ஓயவில்லை. மண்டபத்துக்கு நடன வகுப்புக்கு வருகிற பிள்ளைகள் அந்த மஞ்சளை எழுத்துக்கூட்டி வாசிக்கிறார்களாம். கல்யாணத்துக்கு மண்டபம் எடுத்தவர்கள் யார் தலைமையில் எழுந்தது என்று கேட்கிறார்களாம். புதுக்குழு மேலே ஒரு துணிப் பதாகை கட்டியது. படத்தில் வடிவில்லை என்று பெண்வீட்டார் அவிழ்த்துவிட்டார்கள். அன்ரி ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்து எழுத்துகளைத் துடைத்து, "எங்கட வீட்டு முகப்பில பூட்டுவமே?" என்று கேட்டார்.

"வீட்டில ஆர் வாசிக்கிறது?" என்றார் அங்கிள்.

நான் புறப்படுகிற நாள், மண்டபத்தில் மறந்துவிட்ட லேப்டாப் சார்ஜரை எடுக்க வேண்டியிருந்தது. விமான நிலையம் போகும் வழியில் அங்கிள் காரை எதிர்ப்பக்கம் நிறுத்தினார். பிளாஸ்டர் தலை என்னோடு வரவில்லை. அன்ரி அதைக் குசினி ஜன்னலில் வைத்துக்கொண்டார், துண்டு இல்லாமல்.

சார்ஜரோடு வெளியே வந்தபோது முகப்பில் ரவி அண்ணா நின்றுகொண்டிருந்தார். புதிதாகக் குடிவந்த குடும்பம் ஒன்றுக்கு மண்டபத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தக் குடும்பத்துப் பெண் சுவரைக் காட்டி ஏதோ கேட்டார். ரவி அண்ணா பதில் சொல்லிவிட்டுக் கழுத்தைச் சொறிந்தார். அவர்கள் போனார்கள்.

காருக்கு வந்தேன். அங்கிள் கண்ணாடியை இறக்கி வைத்திருந்தார்.

"என்ன கேட்டவை?"

"காதுல விழல அங்கிள்."

"நீ போய் ஒருக்கால் கேள்."

"என்ன கேக்க?"

"அவை கேட்டதை."

விமானத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. மறுபடி சாலையைக் கடந்தேன். "ரவி அண்ணா, இந்தச் சுவர்ல யார் பேர் இருந்துச்சு?"

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பெயர் எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். சாலைக்கு அந்தப் பக்கம் நின்ற காரைப் பார்த்தார். கண்ணாடி இறங்கியிருப்பதைப் பார்த்தார். பிறகு ஏணி பிடித்தவர் கீழேயிருந்து மேலே கூப்பிடுகிற குரலில் சொன்னார்:

"மகேசன் அண்ணை!"

திரும்பி வந்து காரில் ஏறினேன். அங்கிள் கண்ணாடியை ஏற்றினார். வண்டியை எடுத்தார். சிங்கங்கள், தூண்கள், சிங்கங்கள். முதல் சிக்னலில் நின்றபோது கேட்டார்:

"பிள்ளை, நீ அண்டைக்கு அந்தச் சுவரை அளந்தனியெல்லே. என்ர பேருக்குப் பக்கத்தில எவ்வளவு இடம் இருக்கு?"